அடுக்கி வைத்த அடுப்பு

பனிப்புயல் ஓய்ந்த அன்று காலை தெர்சா என் வீட்டுக்குள் வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல், கோட்டுப் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று உருளைக்கிழங்கு. அதில் விரல் நீளக் குச்சி ஒன்று செருகியிருந்தது. முள்ளைப் பார்த்து ரோஜா என்று தெரிந்துகொண்டேன். மற்றொன்று தகரத் தீக்குச்சி டப்பா. அதன் மூடியில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள். அவை யாருடையவை என்று இந்த ஓடைக்கரையில் எல்லாருக்கும் தெரியும். எனோஸ் ராத்பன் தன் மண்வெட்டியிலும் சேணத்திலும் அவற்றையே கீறி வைத்திருப்பான்.

"அப்பா கோட்டுல இருந்துச்சு அக்கா," என்றாள் தெர்சா. "காய வைக்கலாம்னு உதறினேன். கீழ விழுந்துச்சு."

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அப்பா ஆம்புரோஸ் பெல், குளிர் இறுகுவதற்கு முன்னால் மாவும் விளக்கெண்ணெயும் வாங்கிவர ரயிலடி ஊருக்குப் போயிருந்தார். தாயில்லாத பெண்ணாயிற்றே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். வேறொருத்தி ரிப்பன் கேட்டிருப்பாள். தெர்சா, எங்கேயாவது ரோஜாச் செடி கண்ணில் பட்டால் ஒரு குச்சி ஒடித்து வாருங்கள் என்றாள். இந்தச் சமவெளியில் வானம் தொடுகிற இடம்வரைக்கும் புல்தான். பூ என்று ஒன்றைப் பார்த்து அவளுக்கு எத்தனையோ காலமாகியிருந்தது. ரயிலடி ஊரில் ரோஜா கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் முதல் புயல் பிடித்துக்கொண்டது. குதிரைகளின் காதுகூடத் தெரியாத வெள்ளையில், எப்படியோ, புல்வேரோடு வெட்டிய மண்பாளங்களை அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டின் சுவரில் வண்டி முட்டி நின்றது. கதவுத் தாழ்ப்பாளின் கயிறு வெளியே தொங்கியது.

எங்கள் பக்கத்தில் கயிறு வெளியே தொங்கினால் உள்ளே வா என்று அர்த்தம். வீட்டுக்காரன் இல்லாவிட்டாலும் வரலாம். இருப்பதைச் சாப்பிடலாம், படுக்கலாம், குதிரைக்குத் தீனி போடலாம். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டும். கிளம்பும்போது அடுப்புக்குள் சுள்ளியும், அதன்மேல் முறுக்கிய புல்லும் அடுக்கி, மேலே தீக்குச்சியை வைத்துவிட்டுப் போக வேண்டும். விறகுக்கு மரமில்லாத நாடு இது. காய்ந்த புல்லைக் கயிறுபோல முறுக்கி, மடித்து, நுனியைச் செருகித்தான் எரிக்கிறோம். அடுத்து வருகிறவனின் விரல்கள் குளிரில் மரத்துப் போயிருக்கும். ஒரு குச்சியை உரசுவதற்கு மேல் அவனால் ஒன்றும் முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் என் கணவரும் நானும் முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் பாதிப் பிணமாக விழுந்தோம். அடுப்பு அடுக்கியிருந்தது. யார் அடுக்கியது என்று கடைசிவரை தெரியவில்லை. என் கணவர் இப்போது இல்லை. ஆனாலும் புல் முறுக்க உட்காரும்போதெல்லாம் அந்தக் கைகளுக்காக ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

ஆம்புரோஸ் எல்லாம் செய்தார். தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். கம்பளியை மடித்து வைத்தார். காலையில் வெயில் பளீரென்று அடித்தது. மகள் தனியாக இருக்கிறாளே என்ற பதற்றத்தில் குதிரைகளைப் பூட்டினார். தெற்குச் சுவரோரம் கோணிச் சாக்கு சுற்றிய செடியொன்று நின்றது. சாக்கை அவிழ்த்துப் பார்த்தார், ரோஜா. ஒரு குச்சியை வெட்டி, வாடாமலிருக்க உருளைக்கிழங்கில் குத்தி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சந்தோஷத்தில் அடுப்பு மறந்துபோயிற்று. காலையில் புகையிலைக் குழாய் பற்றவைத்த தீக்குச்சி டப்பா, பழக்கதோஷத்தில் அவர் பைக்குள் போயிருந்தது.

அன்று சாயங்காலமே காற்று திரும்பியது. இரண்டாவது புயல் முதலாவதைவிட நீளம். தெர்சா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டபோது ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், புயல் நிற்கும்வரை சாப்பிடவில்லையாம்.

நாங்கள் இருவரும் என் சறுக்குவண்டியில் எனோஸின் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் தெர்சா டப்பாவைக் கைக்குள் பொத்தியிருந்தாள். அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. கயிறு வெளியே தொங்கியது. உள்ளே அடுப்பின் கதவு திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் உடைத்த நாற்காலிக் கால்களும், முறுக்க முயன்று முடியாமல் விட்ட புல்லும். உள்ளே சாம்பல் மட்டும்தான். நான் அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன். தெர்சாதான் வெளியே ஓடினாள். தொழுவத்தில் மாடுகள் கத்துவது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

இரண்டு உழவுமாடுகளுக்கு நடுவில், வைக்கோலை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான் எனோஸ். தாடி முழுக்கப் பனிக்கட்டி. தப்பிப்போன கன்றுகளைத் தேடித் தெற்கே போனவன், திரும்பும்போது ஓடையில் பனி உடைந்து இடுப்புவரை நனைந்து, மடியிலிருந்த தீக்குச்சியெல்லாம் கூழாகி வந்திருக்கிறான். மாடுகள் இரண்டும் அசையாமல் அவனை அணைத்துப் படுத்திருந்தன. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தான்.

"அக்கா," என்றான், "தீக்குச்சி இருக்கா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தெர்சாவுக்கு இரண்டும் வரவில்லை. உள்ளே போய், சுள்ளி அடுக்கி, புல்லை முறுக்கி, அவனுடைய டப்பாவிலிருந்தே அவனுக்குத் தீ மூட்டினாள். மூடியிலிருந்த எழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகு டப்பா அவள் பைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று.

டாக்டர் வந்து வலது கையில் கட்டைவிரலையும் அதற்கடுத்த விரலையும் மட்டும் மிச்சம் வைத்தார். மூக்கும் ஒரு கன்னமும் கறுத்து, உரிந்து, சுருங்கின. பெரிய உடம்பு, முழங்கால்வரை எருமைத்தோல் கோட்டு, அதிகம் வாயைத் திறக்க மாட்டான். முன்பே பிள்ளைகள் அவனைக் கரடி என்றுதான் சொல்வார்கள். அப்போது சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது பார்த்ததும் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒரு ஞாயிறு அதைப் பார்த்தவன், அடுத்த ஞாயிறிலிருந்து ஆராதனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

புல் முறுக்க இரண்டு கை வேண்டும். அங்கேதான் தெர்சாவின் சனிக்கிழமைகள் தொடங்கின. வாரத்துக்குத் தேவையான முறுக்குகளைத் தானே வந்து செய்து தருவதாகச் சொன்னாள். அக்கம்பக்கத்து உதவி என்று எல்லாரும் மெச்சினார்கள். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாதென்று நான் கூடப் போனேன். ஜன்னலோரம் கிழிசல் தைத்துக்கொண்டு, செவிடிபோல உட்கார்ந்திருப்பேன். அவன் இடது கையால் புல்லின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வான். எதிரே உட்கார்ந்து அவள் முறுக்குவாள். விறைப்பு ஏற ஏற இரண்டு முக்காலிகளும் ஒன்றையொன்று நோக்கி நகரும். மடித்துச் செருகியதும் பின்னால் போகும். முதல் வாரங்களில் புல் நொறுங்கும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பிறகு ஒருநாள் அவன், "கரடிக்குச் சடை பின்னுற மாதிரி இருக்கு," என்றான். அவள், "கரடி தலையை ஆட்டாம இருந்தா சீக்கிரம் முடியும்," என்றாள். நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடினேன், சிரிப்பது தெரியக்கூடாதென்று.

அவனுடைய அம்மா ஒஹாயோவிலிருந்து அந்த ரோஜாவை இப்படித்தான் உருளைக்கிழங்கில் குத்திக்கொண்டு வந்தாள் என்று அவன் சொன்னதும் அங்கேதான். வந்த வருஷமே அம்மா போய்விட்டாள், செடி நின்றது. அதைச் சொல்லும்போது தெர்சாவின் கை நின்றுபோனது. அவள் வீட்டு ஜன்னலில், பழைய கொழுப்பு டப்பாவில், அந்தக் குச்சி வேர்விட்டுவிட்டது எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் தாண்டியதும் அவன் கேட்டான். எழுந்து நிற்கவில்லை, தொண்டையைக் கனைக்கவில்லை.

"தெர்சா, இந்த வீட்டுக்கே வந்துடறியா?"

"இல்லை."

"சரி. அடுத்த நுனியைக் குடு."

அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டான். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில், அதே நுனி. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. திரும்பும் வழியில் வண்டியில் தெர்சா முகத்தைச் சால்வையில் புதைத்துக்கொள்வாள். "ஆமான்னு சொல்லத்தான் அக்கா வாய் வருது," என்றாள் ஒருநாள். "அந்த டப்பா தொண்டையில நிக்குது. அவர் கை போனது யாராலன்னு சொல்லாம, அந்தக் கையை நான் எப்படிப் பிடிக்கிறது?"

சொல்லிவிடு என்றேன். அடுத்த வாரமே சொல்லாதே என்றேன். எனக்கே தெளிவில்லை. ஆம்புரோஸ் மகளிடம் கெஞ்சியிருந்தார்: "நான் போனப்புறம் சொல்லிக்கம்மா. நான் இருக்கறப்ப வேண்டாம்." அடுப்பைக் காலியாக விட்டுப் போனவன் என்று பெயர் வாங்கியவனோடு எங்கள் பக்கத்தில் யாரும் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். அவரோ எங்கள் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். பியானோ இல்லாத சபை. அவர் முதல் அடியைத் தூக்கினால்தான் மற்றவர்களுக்குப் பாட்டு வரும். அந்தப் புயலுக்குப் பிறகு தொண்டை சரியில்லை என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். உதடு மட்டும் அசையும். நாங்கள் ஆளுக்கொரு ராகத்தில் இழுத்துக்கொண்டிருந்தோம். மனுஷன் இளைத்து, தாடி சீவாமல், இடது கால் பூட்ஸைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வருவார். பெண்டாட்டி இல்லாத மனுஷன், மகள் சொல்லியும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பனி உருகும் சமயத்தில் பள்ளிக்கூடத்தின் கூரை பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. ஆராதனை நடப்பதே அங்கேதான். போதகர் டன்லப் குதிரையில் சுற்றி வருகிறவர், குளிர்காலம் முழுக்க வர முடியாதவர், அடுத்த ஞாயிறு அன்பின் விருந்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். எங்கே வைப்பது? எங்கள் வீடுகளிலேயே பெரியது எனோஸின் வீடு. யாரோ தயங்கிக்கொண்டு கேட்டதற்கு, கயிறு வெளியேதான் தொங்குகிறது என்று மட்டும் சொன்னானாம்.

அந்த ஞாயிறு காலை தெர்சா என்னிடம் சொன்னாள்: "இன்னைக்கு எல்லாரும் போனதும் நானே சொல்லிடறேன். அப்பா என்னைத் திட்டட்டும். எனோஸும் கதவைச் சாத்தட்டும்." டப்பா அவள் பாவாடைப் பையில் தட்டிக்கொண்டிருந்தது.

ஆம்புரோஸ் வாசலில் நின்றார். பின்னால் வந்தவர்கள் சேற்றில் நின்று காத்திருக்க, அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து உள்ளே வந்து, அடுப்புக்கு அப்பால் ஒரு மூலையில் உட்கார்ந்தார். எனோஸ் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான்.

அன்பின் விருந்தில் ரொட்டியும் தண்ணீரும்தான். கிண்ணம் கைமாறி வரும்போது அவரவர் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொல்லி உட்கார வேண்டும். ஒருவர் குளிரில் பிழைத்த கன்றுக்கு நன்றி சொன்னார். ஒருத்தி பிரசவம் நல்லபடி முடிந்ததற்கு. கிழவர் ஹக்கின்ஸ், மாசக்கணக்காக உயிரை வாங்கிய கடைவாய்ப் பல் தானாகவே விழுந்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லி, அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டவும் பார்த்தார். அவர் மனைவி இழுத்து உட்கார வைத்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் ஆம்புரோஸ் எழுந்துவிட்டார். கிண்ணம் இன்னும் அவரிடம் வரவேயில்லை.

"இந்த வீட்டுல நான் ஏற்கெனவே சாப்பிட்டிருக்கேன்," என்றார்.

தெர்சா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். புயல், கயிறு, சூடான அவரைக்காய்க் கஞ்சி, கம்பளி. பிறகு காலை வெயில், மகள் கேட்ட ரோஜா. குரல் எங்கேயும் உடையவில்லை. சந்தையில் சரக்கு விவரம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். "என் உயிரைக் காப்பாத்தின வீடு இது. அடுப்பை நான் அடுக்கலை. அதைக் குடும்மா," என்று மகளை நோக்கிக் கை நீட்டினார். தெர்சா டப்பாவைக் கொடுத்தாள். அவர் அதை அடுப்பின்மேல் வைத்தார். "நன்றி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. இதைச் சொல்லாம என்னால நன்றியும் சொல்ல முடியலை. பாடவும் முடியலை."

பக்கத்திலிருந்தவர் தன் முக்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எனோஸ் விளக்கு மாடத்துக்குப் போனான். அங்கிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஆம்புரோஸின் முன்னால் வந்து நின்றான். கறுத்த பூட்ஸ் கயிறு.

"அம்மா செடியில குச்சி வெட்டின ஆளு, சாக்கை அப்படியே போட்டுட்டுப் போகலை," என்றான். இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல அவன் பேசி நான் கேட்டதில்லை. "மறுபடி சுத்தி, இதால கட்டியிருந்தாரு. இரட்டை முடிச்சு. அந்தக் குளிர்ல கையுறையைக் கழட்டினாத்தான் அந்த முடிச்சு போட முடியும். அடுப்பை மறந்த மனுஷன், செடிக்குக் குளிருமேன்னு தன் காலைக் குளிர விட்டுட்டுப் போயிருக்காரு. நான் வந்த கடைசி ஞாயிறு, பெரியவரே, உங்க பூட்ஸ்ல சணலைப் பார்த்தேன்."

ஆம்புரோஸ் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"என் பங்கையும் சொல்லிடறேன், போதகரே," என்றான் எனோஸ். "அன்னைக்கு என் கதவுக் கயிறு வெளிய தொங்கிச்சு. ஒருத்தர் உள்ள வந்து பொழச்சாரு. செடி பொழச்சது. மாடு ரெண்டும் என்னை விட்டு எழுந்திரிக்காம படுத்திருந்துச்சு. அவ்வளவுதான். ஸ்தோத்திரம்."

ஆம்புரோஸ் கயிற்றை வாங்கிக்கொண்டார். கட்டிக்கொள்ளக் குனிந்தார், கயிறு துளைக்குள் போகவில்லை. எனோஸும் குனிந்தான்; அவனுக்கும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒரு பூட்ஸோடு போராடிக்கொண்டிருந்ததை வீடே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஒருவர் துளையைப் பிடிக்க ஒருவர் நுழைக்க, ஒருவழியாக முடிந்தது. முக்காலியை நகர்த்திப் போட்டவர் அதை இருந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டார். போதகர் பாட்டு என்றார். ஆம்புரோஸ் முதல் அடியைத் தூக்கினார். தாழ்வாகத்தான் தொடங்கினார், ஆனால் ராகம் நேராக இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

வெளியே வந்ததும் தெர்சா நேராக எனோஸிடம் போனாள். அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். கோபத்தில் காது சிவந்திருந்தது.

"குளிர்காலம் முழுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் ஒவ்வொரு வாரமும் செத்துச் செத்துப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவன் சேற்றைப் பார்த்தான். "சொல்லியிருந்தா, சரியாப் போச்சுன்னு நீ சனிக்கிழமை வர்றதை நிறுத்தியிருப்ப."

தெர்சா அவனை மேலும் கீழும் பார்த்தாள். போய் வண்டியில் ஏறிவிட்டாள். பாதி வழி வந்தபிறகு, "சரியான கரடி," என்றாள். கோபமா, வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பி விளிம்பு முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்து குதிரையை ஓட்டிய ஆம்புரோஸ் அதே பாட்டை மூக்காலேயே பாடிக்கொண்டு வந்தார்.

பிறகு வெயில் வந்துவிட்டது. ஓடை கரைபுரண்டு ஓடி வடிந்தது. புல் பச்சையாக எழும்பியது. பச்சைப் புல்லை யாரும் முறுக்குவதில்லை. அடுப்புக்கு ஓடையோரச் சுள்ளியே போதும். சனிக்கிழமை வந்தது. எனோஸின் வீடு தெரிகிற மேட்டில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முன்னெல்லாம் தெர்சா முதலில் என் வீட்டுக்கு வருவாள், சேர்ந்து போவோம். அன்று அவள் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கீழே, புல்வெளியின் நடுவே, தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். மார்போடு எதையோ அணைத்திருந்தாள். வெயிலில் அது பளபளத்தபோது ரோஜாக் குச்சி வேர்விட்ட கொழுப்பு டப்பா என்று தெரிந்தது.

எனோஸ் கூரைமேல் ஏறிப் பாளம் பெயர்ந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவசரமாக ஏணியில் இறங்கத் தொடங்கியவன், பாதியில் நின்றுவிட்டான். அடுத்த நுனியைக் குடு என்று கேட்க இன்று முறுக்கும் புல் எதுவும் இல்லை. ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்தபடி, ஏறவும் இறங்கவும் தெரியாமல் நின்றான்.

தெர்சா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. தெற்குச் சுவரோரம் போய், பழைய செடியிலிருந்து காலடியால் அளந்து பார்த்தாள். திருப்தியில்லைபோல, இன்னொரு தடவை அளந்தாள். டப்பாவை அந்த இடத்தில் இறக்கி வைத்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏணியடிக்கு வந்தாள். ஈர மண்ணில் ஏணி ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அதன் இரண்டு கால்களையும் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.